பேயாவிரைக் காய்

டிசம்பர் 18, வியாழன்

மழை ஒருவழியாக விட்டு, பளிச்சென்று வெயில். ஈரவாடை அடித்துக் கிடந்த போர்வைகளை எல்லாம் துவைத்து, எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் மூன்று வீட்டு வாசலுக்கும் குறுக்கே கொடி கட்டிக் காயப்போட்டேன். கேட்கீப்பர் ஞானராஜ் பெண்சாதி ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, ரயிலுக்குப் பந்தல் போட்டிருக்கியளா?" என்று சிரித்தாள்.

தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு செடி. ஒரே மஞ்சள் பூ. வடுகன்பாறை ஸ்டேஷனில் யாரும் இறங்குவதே அபூர்வம். இன்று பாசஞ்சரில் வந்து இறங்கிய ஒரு டவுன் பெண், பூவுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் போனாள். நானும் ஆவாரம்பூ என்று நினைத்து ஒரு கொத்து ஒடித்துவந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். என் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏ செம்பகம், இது ஆவாரை இல்ல. பேயாவிரை. இலையைக் கசக்கிப் பாரு."

கசக்கினேன். குமட்டிக்கொண்டு வந்தது. ஆடுகூட வாய் வைக்காதாம். மழை முடிந்ததும் தண்டவாள வேலை பார்க்கிற கேங்க் ஆட்கள் வெட்டிவிடுவார்கள் என்றார். கொத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

மகள் கோமுவுக்கு நாளை கணக்குப் பரீட்சை. வகுத்தலில் இன்னும் தடுமாறுகிறாள்.

டிசம்பர் 20

இன்று கொஞ்சம் மனத்தாங்கல். எழுதிவிட்டால் சரியாகும்.

பரீட்சைக்குப் படி என்று உட்காரவைத்தால், நான் அடுப்படிக்குள் போய் வருவதற்குள் கோமு பக்கத்து வீட்டில் இருக்கிறாள். பக்கத்து வீடு ட்ராக்மேன் ராம்ப்ரவேஷ் வீடு. பீகார்க்காரர்கள். அவன் பெண்சாதிக்கு ரீட்டா தேவி என்று பேர். போன வருஷம் பேரைக் கேட்டதும் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண் என்று நினைத்து, "உங்க ஆளு வந்திருக்கு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். வந்து இறங்கினவளைப் பார்த்தால் வகிடு நிறையச் செந்தூரம். ஒரே பையன், குட்டு. நாலு வயது. எந்நேரமும் கோமுவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிவான். அவனோடு சேர்ந்து சேர்ந்து எட்டு வயதுக்குள் என் மகள் இந்தி பேசுகிறாள். எனக்கும் ரீட்டாவுக்கும் தண்ணீர், கொசு, ரேஷன் கடை என்பதைத் தாண்டி ஏதாவது பேசவேண்டுமென்றால் நடுவில் கோமு வேண்டும்.

கூப்பிடப் போனபோது மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"இந்த மாசம் அவங்க ஊர்ல வயல் பூரா மட்டர் காய்க்குமாம்மா. பச்சைப் பட்டாணி. செடியிலேருந்து பிச்சு அப்படியே உரிச்சித் திம்பாங்களாம். போன வருஷம் ஊருக்குப் போனப்ப குட்டு தின்னு தின்னு பானை மாதிரி வயிறு வீங்கிட்டுதாம்னு ரீட்டா சாச்சி சொல்லுதாங்க."

குட்டு உடனே "மட்டர், மட்டர்" என்று அடம்பிடிக்க ஆரம்பித்தான். நம் ஊர்க் கடையில் காய்ந்த பட்டாணிதான் கிடைக்கும், ஊறவைத்தால் அதுவும் பச்சைதான் என்று சொல்லச் சொன்னேன். ரீட்டா கேட்டுவிட்டு என்னவோ சொன்னாள். கோமு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று எனக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 23

பரீட்சை முடிந்தது. நாளையிலிருந்து லீவு. ஸ்டெல்லாவுக்குப் பண்டிகை ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். கை கொஞ்சம் பிடிக்கிறது என்றாள், பிரித்துத் தைத்தேன்.

டிசம்பர் 24

ஸ்டெல்லா வீட்டார் மகள் பிளெஸ்ஸியையும் கூட்டிக்கொண்டு டவுன் வேதக்கோயிலுக்குப் போய்விட்டார்கள். குவார்ட்டர்ஸ் வெறிச்சென்று இருந்தது. கோமுவும் குட்டுவும் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் செப்புச் சாமான் பரப்பிச் சோறு பொங்கி விளையாடினார்கள். கல் அடுப்பு, செங்கல் பொடியில் மிளகாய்த்தூள், எல்லாம் ஜோராக நடந்தது. கோமு வந்து பழைய மூடி ஒன்று கேட்டாள்.

"இன்னைக்கு என்ன சமையல்?"

"மட்டர் கறி. குட்டு கேட்டான்லா."

"எனக்கும் கொஞ்சம் எடுத்து வையி" என்றேன். மூடியை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சாயங்காலம் ரெண்டும் புழுதியோடு வந்தன. குட்டு வயிறு திம்மென்று இருந்தது. ரீட்டா சோறூட்ட வந்தால் வேண்டாம் என்று ஓடினான்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். ஸ்டெல்லா வீட்டிலிருந்து பிரியாணியும் கேக்கும் வந்தன. மூன்று வீட்டுக்காரர்களும் வேப்பமரத்தடியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். ராம்ப்ரவேஷுக்குக் கறி ஆகாது, அவனுக்கென்று ஸ்டெல்லா தனியாகத் தயிர்ச்சாதம் கிளறியிருந்தாள். குட்டு கேக்கில் இருந்த செர்ரியை மட்டும் நோண்டித் தின்றான்.

மத்தியானத்துக்கு மேல் குட்டு வாந்தி எடுத்தான். திரும்பத் திரும்ப எடுத்தான். கண்டதையும் தின்றால் இப்படித்தான் என்று ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்துவிட்டு, தாய் மடியில் சுருண்டு படுத்துக்கொண்டான். காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்தேன்.

டிசம்பர் 26

வீட்டு வேலை எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் ரீட்டாவின் அலறல். ஓடினேன். குட்டு கண்ணைத் திறந்திருக்கிறான், ஆனால் தாயைத் தெரியவில்லை. ரீட்டா தூக்கப் போனால் அவள் கையைக் கடிக்கிறான். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் உருட்டுகிறான். நேற்று மரத்தடியில் செர்ரி தின்ற பிள்ளை. நான் "குட்டு, குட்டு" என்கிறேன், அந்தக் கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது.

ஆம்புலன்ஸ் வந்தது. ரீட்டாவுக்குச் செருப்புப் போடக்கூடத் தோன்றவில்லை. வெறுங்காலோடு ஏறினாள். இவரும் கூடப் போனார், பெரியாஸ்பத்திரியில் தமிழ் பேச ஆள் வேண்டுமே.

கோமு எழுந்து வெளியே வரவே இல்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"வாந்தி எடுத்தா வயித்துல உள்ளது எல்லாம் வெளிய வந்துருமாம்மா?"

"வந்துரும்."

"கொஞ்சங்கூட உள்ள இருக்காதா?"

"இருக்காது. எந்திச்சி வந்து இட்லி தின்னு."

தின்னவில்லை. அதட்டினேன். ஒரு வாய் வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினாள். பிள்ளைக்குக் கூட்டாளி என்றால் உயிர். பயந்திருக்கிறாள்.

டிசம்பர் 27

குட்டு இறந்துவிட்டான்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. மூன்று நாள் ரயில் பயணம் எப்படிக் கொண்டுபோவார்கள். வாய்க்கால்கரையில் அடக்கம் செய்தார்கள். ஞானராஜும் இவரும் குழி எடுத்தார்கள். ராம்ப்ரவேஷ் பையனைத் துணியில் சுற்றி, தானே தூக்கிப் போனான். தண்டவாளத்தை ஒட்டியே நடந்தான். கேட் வரைக்கும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

ரீட்டா அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.  ஆறுதல் சொல்வதென்றாலும் எந்தப் பாஷையில் சொல்வது.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கொசுப்புகை அடிக்க ஆள் வந்தார்கள்.

வீட்டைச் சுற்றிச் சுத்தமாக வைக்கச் சொன்னதால் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் பெருக்கினேன். செப்புச் சாமான் அப்படியே கிடந்தது. சின்னப் பானையில் அடியில் ஒட்டினாற்போல் கொஞ்சம் பச்சை விதை. பக்கத்தில் உரித்த தொலி ஒரு குவியல். அவரைப் பிஞ்சு மாதிரி ஒல்லியாக, நீளமாக. கசக்கி மோந்து பார்த்தேன்.

பானையைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். தொலியை வாரிக்கொண்டுபோய்த் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். கையை நன்றாகக் கழுவினேன்.

பிறகு மாவு ஆட்டினேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

டிசம்பர் 29

சுகாதாரத்துறையிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு சாரும் வந்தார்கள். வீடு வீடாக விசாரித்தார்கள். பையன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று என்னிடம் கேட்டார்கள்.

"பிரியாணி. கேக்கு" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

கோமு என் சேலைக்குப் பின்னால் நின்றாள். என் முந்தானையைப் பிடித்திருந்த கை சில்லென்று இருந்தது. அந்த அம்மா அவளைப் பார்த்து, "பாப்பா, நீயும் தம்பியும் என்ன விளையாடுனீங்க?" என்றார். நான் முந்திக்கொண்டு, "அவளுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல" என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்.

அவர்கள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய், கேக் எங்கே வாங்கியது, கறி என்றைக்கு வாங்கியது, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். ஸ்டெல்லா முகம் செத்துப்போயிற்று. அவர்கள் போனபிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாம எல்லாரும்தான சாப்பிட்டோம்? நமக்கு ஒண்ணும் ஆவலையே. பிள்ளைக்கு மட்டும் எப்படிக்கா? பாத்திரம் ஈயம் போயிருந்துச்சோ? நான் பாக்கலையோ?"

"அதெல்லாம் இல்ல, நீ போட்டுக் குழப்பிக்கிடாத" என்றேன். அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் கொடுப்பதுதான் இந்த வாரம் என் வேலை.

இவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். தொட்டிக்குப் பின்னால் பார்த்ததை மட்டும். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"கோமுட்ட கேட்டியா?"

"கேக்கல."

"கேக்காத. யார்ட்டயும் சொல்லாத. பச்சப்பிள்ளை. கொன்னவன்னு பேரு வந்திரும். சாகுத வரைக்கும் போகாது. செத்தவன் வரவா போறான்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதம் இல்லை. ஆனால் சொல்லவில்லை.

சாயங்காலம் பிளெஸ்ஸி வாந்தி எடுக்கிறாள் என்று ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

முழுசாக எழுதுகிறேன்.

பிளெஸ்ஸி விடியும்வரை வாந்தி. காலையில் தாயை மாறி மாறி வேறு யார் பேரையோ சொல்லிக் கூப்பிட்டாளாம். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது ஸ்டெல்லா தன் இரண்டு கையையும் தலையில் மாறி மாறி அடித்துக்கொண்டாள். "என் கையால, என் கையாலதான்" என்று ஒரே சொல். ராம்ப்ரவேஷ் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஸ்டெல்லாவைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி போனதும் கோமுவை உள்ளே கூட்டிக் கதவைச் சாத்தினேன். கேட்காதே என்று இவர் சொன்னதை மறக்கவில்லை. கேட்டேன்.

"குட்டுக்கு என்ன குடுத்த?"

எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ, உடனே சொன்னாள். குரல் உடையவே இல்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரி.

"அவன் மட்டர் மட்டர்னு அழுதான். லைன் ஓரத்துல பச்சையா காய் இருந்துச்சு. உரிச்சா உள்ள குட்டி குட்டியா பட்டாணி மாதிரியே இருந்துச்சு. மட்டர்னு சொல்லிக் குடுத்தேன். அவன் நம்பிட்டான்."

"நீயும் தின்னியா?" இதைக் கேட்கும்போதே அவள் இரண்டு தோளையும் பிடித்துவிட்டேன்.

"இல்ல."

"ஏன் திங்கல? கசந்துச்சா?"

"நான் அம்மால்லா அன்னைக்கு. அம்மா எல்லாருக்கும் போட்டுட்டுதான சாப்பிடுவா. அவன் இன்னும் இன்னும்னு கேட்டான். எனக்கு மிச்சமே இல்ல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  இந்த வீட்டில் தினமும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறாள்.

"பிளெஸ்ஸிக்கும் குடுத்தியா?"

"ஐயோ இல்லம்மா. அவட்ட ஒண்ணுமே சொல்லல. குட்டுதான் அவட்ட பெருமையா காட்டினான், லைன்ல மட்டர் இருக்குன்னு. நேத்து அவ தனியா அங்க போனா. நான் பாத்தேன். திங்காதன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஏன்னு கேப்பாளேன்னு..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நான் கட்டிப்பிடித்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். நாலு நாளில் பிள்ளை இவ்வளவு இளைத்ததை நான் எப்படிப் பார்க்காமல் இருந்தேன்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பூ, இலை, காய், முற்றிய நெற்று எல்லாம் ஒடித்துப் போட்டேன். இவர் ஸ்டேஷன் வாசலில் நின்று, "செம்பகம், எங்க போற?" என்றார். கோமு கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தவர் கொஞ்ச தூரத்தில், பையைத் தான் வாங்கிக்கொண்டார்.  மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

பிள்ளைகள் வார்டில் ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. பையைத் திறந்து காட்டினேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு நெற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போனில் யாருக்கோ போட்டோ அனுப்பி, கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். போன் வந்தது. பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"வடக்க சில ஊர்ல குளிர்காலத்துல இதைத் தின்னு பிள்ளைங்க செத்திருக்காங்க. ரொம்ப வருஷம் அங்கயும் மூளைக்காய்ச்சல்னுதான் நினைச்சிருந்தாங்க. ஈரலையும் மூளையையும் சேர்த்து அடிக்கும். முறிவு மருந்துன்னு எதுவும் கிடையாது. ஆனா இதுதான்னு தெரிஞ்சா எதைக் கவனிக்கணும், எதைக் குடுக்கக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும். இந்தப் பாப்பா எவ்வளவு தின்னா?"

"தெரியாது டாக்டர்."

கோமு சொன்னாள்: "ஒரு கைதான். ஸ்டெல்லா அத்தை கூப்பிட்டதும் ஓடிட்டா."

டாக்டர் குனிந்து கோமுவைப் பார்த்தார். "நீ வந்து சொன்னது நல்லது" என்றார். கோமு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டிசம்பர் 31

பிளெஸ்ஸி அப்படியே இருக்கிறாள். சர்க்கரை இறங்கி இறங்கி ஏறுகிறதாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா உள்ளே இருந்து வரவில்லை. ஞானராஜிடம் இவர் எல்லாவற்றையும் சொன்னார். ஞானராஜ் இவருடைய தோளில் கை வைத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் எழுந்துவிட்டேன். அடிக்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஜனவரி 1

பிளெஸ்ஸி கண் திறந்து, "தண்ணி" என்றாளாம். தாயைத் தெரிகிறது.

ஸ்டெல்லா வராந்தாவுக்கு வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, எதிரில் நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு உங்கட்ட வந்து அழுதேன்ல. என் பாத்திரமா, என் கறியான்னு கேட்டேன்ல. அப்பமே உங்களுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சும் தண்ணி குடுத்தியளா?"

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 2, வெள்ளி

இன்று போயே ஆகவேண்டும் என்று எழுந்தேன். குளித்தேன். தலை துவட்டினேன். சாமி படத்துக்கு முன்னால் நின்றேன், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு இந்தி தெரியும். அவரைக் கூட்டிப் போகலாம் என்று இவர் சொன்னார். நானும் சரி என்றேன். கோமுதான், "நான் சொல்லுதேன். சாச்சிக்கு நான் பேசுனாத்தான் புரியும்" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பத்தடிதான் பக்கத்து வீடு. எதற்குச் செருப்பு என்று தெரியவில்லை.

ராம்ப்ரவேஷ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ரீட்டா தரையில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். கோமுவைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். பையன் போனபிறகு கோமு அந்த வீட்டுக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

"நான் சொல்லச் சொல்லச் சொல்லு" என்றேன். "குட்டுவுக்கு வந்தது காய்ச்சல் இல்ல."

கோமு சொன்னாள். அவள் வாயில் அந்த இந்தி எவ்வளவு சுத்தமாக வந்தது! குட்டுவின் குரலே மாதிரி, அந்த இழுப்பும் சேர்ந்து. ரீட்டாவின் முகம் கோமுவின் வாயையே பார்த்தது.

"லைன் ஓரத்துல உள்ள செடியோட காயைத் தின்னுட்டான்."

சொன்னாள்.

அடுத்ததை நான் சொல்லவேண்டும். வாய் திறந்தேன். வரவில்லை. கோமு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எனக்குக் காத்திராமல் அவளாகவே பேசினாள். எனக்கு அதில் 'மட்டர்' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அது திரும்பத் திரும்ப வந்தது. உள்ளங்கையைக் குவித்து, காய் உரிக்கிற மாதிரி, ஊட்டுகிற மாதிரி சைகை காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

ராம்ப்ரவேஷ் எழுந்தான். இவர் வாசலிலிருந்து சட்டென்று உள்ளே வந்தார். ராம்ப்ரவேஷ் எங்கள் யாரையும் தொடவில்லை. எங்களுக்கு நடுவில் புகுந்து வெளியே போய், தண்டவாளத்தில் இறங்கி, நடந்துகொண்டே இருந்தான்.

 ரீட்டா இருந்த இடத்திலேயே இருந்து இந்தியில் ஒன்று கேட்டாள், மெதுவாக. கோமு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன கேக்காங்க?"

"சந்தோசமா தின்னானான்னு கேக்காங்கம்மா."

"சொல்லு" என்றேன். வேறென்ன சொல்வது.

கோமு சொன்னாள். இரண்டு வார்த்தை. ரீட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கத்தன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. சத்தமே இல்லை. உடம்பு மட்டும் ஆடியது. கோமு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. தொடலாமா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ரீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோமுவை அல்ல. தமிழில் கேட்டாள், கஷ்டப்பட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"நீ... எப்போ தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை."

"பிளெஸ்ஸி எப்போ சாப்ட்டா?"

"திங்கக்கிழமை."

அவள் அதை மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டதை அவள் அந்த இரண்டு கிழமையை வைத்தே எழுதிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் பானை கழுவினேன். தொலியை மோந்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் சொல்லித்தான் மறைத்தேன் என்பது பொய். இவர் சொல்வதற்கு முன்பே, அந்தச் சுகாதார அம்மாவிடம் பிரியாணி என்றது என் வாய்தான்.

ரீட்டா கோமுவின் தலையில் கை வைத்தாள்.

"இவ பச்சா, சின்னப் பிள்ளை" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "நீ பெரிய பொம்பளை."

கோமுவை எழுப்பி என் பக்கம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 3

ரயில்வேயிலிருந்து உத்தரவு வந்து, காலையிலேயே கேங்க் ஆட்கள் செடியை வெட்ட வந்தார்கள். ராம்ப்ரவேஷுக்கு லீவு இருக்கிறது. இருந்தும் போனான். மற்றவர்கள் வெட்டினார்கள். அவன் வெட்டவில்லை, குனிந்து ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினான். மேஸ்திரி அரிவாளை நீட்டினார், வாங்கவில்லை. சாயங்காலம் குழாயடியில் கை கழுவியபோது உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் அந்த டாக்டர் வந்து செடியைக் காட்டிப் பேசினாராம். எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கடைக்குப் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஜனவரி 4

பிளெஸ்ஸியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடக்கும்போது லேசாகச் சாய்கிறாள், சரியாகிவிடும் என்றார்களாம். ஞானராஜ் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்றேன். ஸ்டெல்லா தலையை மட்டும் அசைத்தாள். அதுவே எனக்கு அதிகம்.

கோமு இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். அவளே பிசைந்து உருட்டி, உருட்டி, தட்டிலேயே வைத்துவிடுகிறாள். டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்தது. கோமுவுக்குச் சடை பின்னி, யூனிஃபார்ம் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்திவிட்டேன்.

"கோமு" என்று குரல். ரீட்டா தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில் ரொட்டியும் வெல்லமும்.

கோமு என்னைப் பார்த்தாள். போ என்றேன். நானும் கூடவே இரண்டு எட்டு வைத்தேன். ரீட்டா கையைத் தூக்கி, அங்கேயே நில் என்பது போல் காட்டினாள். நின்றேன்.

கோமு அவள் எதிரில் உட்கார்ந்தாள். ரீட்டா தட்டை நகர்த்தியும் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இந்தியில் என்னவோ சொன்னாள்.  ரீட்டா ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, வெல்லத்தைச் சேர்த்து, முதலில் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு இன்னொரு துண்டு பிய்த்துக் கோமுவின் வாய்க்கு நேரே பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். 

கோமு வாயைத் திறந்தாள்.

பாசஞ்சர் வருவதற்கு மணி அடித்தார்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. கூப்பிட வாயெடுத்தேன். ரீட்டா அடுத்த துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை மென்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.